விளம்பியா, ஏவிளம்பியா: ஒரு பூட்டன் பூட்டியின் மெய்விவாகப் பதிவைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், மதுரையில் ஆலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 74 வயதுப் பெரியவர் ஒருவர் தம் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பழைய பதிவேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலையில் நான் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். அதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். அவருக்குச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. தம் பூட்டனாரும் பூட்டியாரும் கோயிலில் மணந்துகொண்ட மெய்விவாகப் பதிவைக் கண்ணால் பார்க்க வேண்டும், பூட்டியாரைப் பெற்றவர்கள் யார் என்று தெரிய வேண்டும் என்றார்.

காரணத்தை மகள்தான் சொன்னார். அந்தப் பூட்டியாரைக் குடும்பத்தில் 'பஞ்சத்துப் பிள்ளை' என்பார்களாம். தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, கோயில் சாமியார் யாரோ எடுத்து வளர்த்த பெண் என்று கதை. கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவரக்கூட ஆள் இல்லை. நான்கு தலைமுறை கழிந்தும், சொத்துத் தகராறு வந்தால் பங்காளிகள் 'வேர் தெரியாத வயிறு' என்று இந்தக் கிளையைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பெரியவர் அதைச் சொல்லவில்லை. மகள் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

குடும்பத்தின் ஊர் மதுரைக்குக் கிழக்கே, வைகைக்குத் தெற்கே உள்ள சிற்றூர். இன்று அது சிவகங்கை மறைமாவட்டம், அதாவது சிவகங்கை ஆயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி. 1987க்கு முன் மதுரை, 1938க்கு முன் திருச்சி. ஊரையும் பங்குகளையும் ஆட்களையும் இங்கே பெயர் சொல்லாமல் விடுகிறேன். மணமக்களை வீட்டில் அழைத்த பெயர்களை மட்டும், தேடலைப் புரிந்துகொள்ள அவை வேண்டும் என்பதால், அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன்.

வீட்டில் கிடைத்தது

ஏட்டைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்பது என் வழக்கம். பெரியவரின் அத்தைக்கு அப்போது 91 வயது. கண் மங்கியிருந்தது, பேச்சில் பிசிறில்லை. பூட்டியார் இவருக்கு அப்பத்தா. சிறுமியாக இருந்தபோது அவர் மடியில் கிடந்து கேட்ட கதை என்பதால், இடையில் வேறு வாய் இல்லாத சாட்சி.

"எங்க அப்பத்தா கல்யாணம் விளம்பி வருசம் தையில நடந்துச்சு தம்பி. பொங்கப் பானை எறக்கி மூணு நாலு வாரம் இருக்கும்னு சொல்லும். விடியக்கருக்கல்ல வண்டி கட்டிப் போயி, கோயில்ல தாலி கட்டிட்டு, பொழுது சாயத்தான் ஊர் வந்து சேந்தாகளாம். சோறு எங்க ஊர்லதான்."

மாப்பிள்ளை பெயர் சின்னப்பன். பெண்ணை எல்லோரும் சின்னாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். கோயில் பெயர் அத்தைக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஐந்து. மூத்தவர் அத்தையின் தகப்பனார். கடைசிப் பெண்ணுக்கு ஊரிலேயே கல்யாணம் நடந்தது. பெட்டியில் அதன் துண்டுச்சீட்டு இருந்தது, ஆண்டு 1936.

அவர் சொன்னதில் மூன்று துப்புகள் இருந்தன: வருஷம், வண்டிப் பயணம், கடைசி மகளின் கல்யாணம். நான் வருஷத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மற்ற இரண்டையும் அன்றே எடை போட்டிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தேடலின் முதல் சுற்று

அறுபது வருஷச் சுழற்சியில் விளம்பி 1898 ஏப்ரலில் தொடங்கி 1899 ஏப்ரலில் முடிகிறது. அதன் தை என்றால் 1899 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலத்திலும் ஆடம்பரக் கல்யாணம் கூடாது என்பது அன்றைய திருச்சபை விதி. 1899இல் தபசு தொடங்கும் விபூதிப் புதன் பிப்ரவரி 15ஆம் நாள் வந்தது. ஆக, தையில் கல்யாணம் என்பது பொருந்தியது. பொருந்தியதாலேயே வேறு வருஷத்தை நான் யோசிக்கவில்லை.

ஊரில் இன்றுள்ள பங்குக்கு முதலில் போனோம். அதன் பதிவேடு 1934இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் ஐந்து கிலோமீட்டரில் உள்ள தாய்ப்பங்கின் கிளையாக இருந்த ஊர் என்று பங்குத்தந்தை சொன்னார். பெரியவரின் கோரிக்கைக் கடிதத்தோடு தாய்ப்பங்குக்குப் போனோம். அங்கே 1870களிலிருந்து ஏடுகள் ஒழுங்காக இருந்தன. சேசு சபை என்னும் துறவற சபையின் பிரெஞ்சுக் குருக்கள் எழுதிய நெருக்கமான சாய்வெழுத்து, முழுக்க இலத்தீன்.

இந்த ஏடுகளைப் புதிதாகத் திறப்பவர் முதலில் தடுக்கி விழுவது பெயர்களில்தான். நம் வீட்டுப் பெயர் ஏட்டில் இருக்காது. இராயப்பன் பேத்ருஸ் ஆகியிருப்பார். அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், சவரிமுத்து சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், இன்னாசி இக்னாசியுஸ். சின்னப்பன் என்பது பவுலுஸ். பவுல் என்ற சொல்லுக்குச் 'சிறியவர்' என்று பொருள், அதைத்தான் நம் முன்னோர் சின்னப்பர் என்று தமிழாக்கினார்கள். பெண்களோ பெரும்பாலும் மரியா. ஒரே பக்கத்தில் ஏழு மரியாக்களைப் பார்த்திருக்கிறேன். எனவே பெண்ணின் பெயரை வைத்துத் தேடக் கூடாது. தகப்பன் பெயரும் ஊரும்தான் கைப்பிடி. ஊர்ப் பெயரையும் அந்நியக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

1896 முதல் 1902 வரை வரி வரியாகப் பார்த்தோம். மூன்று பவுலுஸ் கிடைத்தார்கள். ஒருவர் மனைவியை இழந்து மறுமணம் செய்தவர், ஒருவர் வேறு ஊர், மூன்றாமவரின் தகப்பன் பெயர் ஒத்துவரவில்லை. பக்கம் கிழிந்திருக்குமோ என்று வரிசை எண்களைச் சரிபார்த்தேன். விடுபாடு இல்லை.

இந்த இடத்தில் பெரியவர் ஆண்டுகளை இன்னும் விரிக்கலாம் என்றார், 1890 முதல் 1910 வரை. நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைத் தேடினோம். ஐந்து பிள்ளைகளில் ஒருவரும் அந்தப் புத்தகத்தில் இல்லை. ஒரு கல்யாணம் எழுத விடுபட்டுப் போகலாம், வேறு ஊரில் நடந்திருக்கலாம். ஐந்து ஞானஸ்நானமும் விடுபட வழியில்லை. தவறு ஆண்டில் இல்லை, நாம் தவறான கோயிலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அன்று மாலை தெளிவானது.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி கத்தோலிக்கக் குருக்கள் தாம் பதிந்த கல்யாணங்களின் விவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசின் பதிவுத் தலைமைக்கு அனுப்ப வேண்டும். அந்த வழியையும் மகள் கேட்டார். நாளும் இடமும் உறுதியாகாமல் விண்ணப்பித்தால் அலுவலகத்தில் எதைத் தேடுவார்கள் என்பதால் தள்ளிவைத்தோம்.

1936ஆம் ஆண்டின் ஒரு வரி

மே மாதம் ஊர்ப் பங்குக்கே திரும்பினோம். இம்முறை பார்த்தது கடைசி மகளின் கல்யாணப் பதிவு. மணமக்கள் எங்கே, எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற விவரம் அதில் இருந்தது. 1908இல் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' என்ற உரோமைத் திருமண ஆணைக்குப் பிறகு, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று ஆனது. அதற்காக ஞானஸ்நானம் பெற்ற இடத்தைக் கேட்டு வாங்குவார்கள். 1908க்குப் பிந்தைய பதிவு ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க முடிவது இதனால்தான்.

அந்த வரியில் இருந்த கோயில் நாங்கள் யாரும் நினைக்காதது. ஊரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். விடியலில் கிளம்பிப் பொழுது சாயத் திரும்பிய மாட்டு வண்டி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போகும் வண்டிக்கு ஐந்து கிலோமீட்டர்த் தாய்ப்பங்கு ஒரு நாள் பயணமே அல்ல. அத்தை தூரத்தைச் சொல்லியிருந்தார், நான்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு கோயில் இருக்க, பதினான்கு கிலோமீட்டர் ஏன் போனார்கள்? இதற்குப் பதில் மதுரைப் பகுதியின் திருச்சபை வரலாற்றில் இருக்கிறது. தத்துவ போதகர் எனப்பட்ட சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்த காலம் முதல் இங்கே குருக்கள் போர்த்துக்கல் அரசருக்கு உரோமை கொடுத்த ஆதரவுரிமையான பதுரவாதோவின் கீழ் வேலை செய்தார்கள். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. பிறகு கோவாவிலிருந்து வந்த குருக்கள் பல ஊர்களைக் கவனித்தார்கள். சபை மீண்டும் உயிர்பெற்று, பிரெஞ்சு சேசு சபையினர் 1838 வாக்கில் உரோமையின் நேரடி அனுமதியோடு புதிய மதுரை மிஷனைத் தொடங்கியபோது, ஒரே நாட்டில் இரண்டு அதிகாரங்கள் நின்றன. கோயில்களுக்காக வழக்கும் அடிதடியும் நடந்தன. உரோமையும் போர்த்துக்கலும் 1886இல் செய்த உடன்படிக்கைக்குப் பிறகும் சில கோயில்கள் மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் கையில், பதுரவாதோவின் கீழ் நீடித்தன. சுற்றிலும் திருச்சி மறைமாவட்டம், நடுவில் தீவு போல மயிலாப்பூர்க் கோயில். 1928இல் உரோமையும் போர்த்துக்கலும் செய்துகொண்ட உடன்பாடுதான் இந்த இரட்டை ஆட்சியை முடித்தது.

இந்தக் குடும்பம் 'கோவாச் சாமி' பக்கம். அதனால்தான் பக்கத்துக் கோயிலைத் தாண்டி வண்டி கட்டினார்கள். இன்று அந்தப் பிரிவு யார் நினைவிலும் இல்லை, அத்தைக்கே தெரியாது. ஆனால் ஏடுகள் அந்தப் பிரிவின்படிதான் கிடக்கின்றன. பழைய பதிவு எங்கே இருக்கிறது என்று அறிய இன்றைய பங்கு எல்லையைப் பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக்கு அன்று ஓலை, அதாவது கல்யாண முன்னறிவிப்பு, வாசித்த சாமியார் எங்கே குடியிருந்தார் என்றுதான் கேட்க வேண்டும். 'விசாரணை' என்று பழையவர்கள் சொல்வது அதைத்தான்.

அலமாரியில் இருந்த புத்தகம்

அந்தக் கோயில் இப்போது கிளைப்பங்கு. அதன் ஏடுகள் பக்கத்துப் பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில், அடித்தட்டில், 'பழையது 1', 'பழையது 2' என்று ஒட்டிய காகிதத்தோடு இருந்தன. முதல் ஏட்டின் முதுகைக் கறையான் தின்றிருந்தது. இரும்புச் சத்துள்ள பழைய மை சில இடங்களில் தாளையே அரித்து, எழுத்து இருந்த இடம் ஓட்டையாகியிருந்தது. அதற்கு முன் அங்கிருந்த யாரோ கிழிசல்களைப் பசைநாடாவால் ஒட்டியிருந்தார்கள். நாடா பழுத்து, கீழே உள்ள எழுத்தை மஞ்சளாக்கியிருந்தது.

புதிய பங்குத்தந்தை இளைஞர். "படிங்க, ஆனா வெளிய எடுத்துட்டுப் போக வேண்டாம்" என்றார். சரியான முடிவு. நாங்களும் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவதில்லை, ஏட்டை முழுக்க விரித்து அழுத்துவதில்லை. ஜன்னல் வெளிச்சத்திலேயே படித்தோம். நகல் இயந்திரத்தில் கவிழ்க்கவில்லை.

படம் எடுப்பதில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அந்தக் காலத்து ஏடுகளில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருக்கும். தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகளும் அப்படியே குறிக்கப்பட்டிருப்பார்கள். பக்கம் முழுவதையும் படம் எடுத்தால் நம் குடும்பத்துக்குத் தொடர்பில்லாத பத்து வீடுகளின் அந்தரங்கம் ஒரு கைப்பேசிக்குள் போய்விடும். எனவே தேவையான பதிவைத் தவிர மற்றதை வெள்ளைத்தாளால் மூடிவிட்டுப் படம் எடுத்தோம். பெரியவரின் மகள் இதை முதலில் வீண் வேலை என்று நினைத்தார். பிறகு, தம் பூட்டியைப் பற்றி வேறொரு வீட்டார் இப்படிப் படம் எடுத்துப் போயிருந்தால் எப்படி இருக்கும் என்று அவரே சொன்னார்.

பதிவு கிடைத்த விதம்

1899 ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களை முதலில் பார்த்தோம். சின்னப்பன் இல்லை. பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்தேன். மூத்த மகனின் பெயர் தெரியும், தகப்பன் பெயர் தெரியும். 1898 டிசம்பரில் இருந்தது. மூத்த பிள்ளை 1898 டிசம்பரில் என்றால் கல்யாணம் 1899 தையில் நடந்திருக்க முடியாது. ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும். 1898 தை, எந்த வருஷத்துத் தை? ஹேவிளம்பி. ஊர் வாயில் ஏவிளம்பி. இரண்டு தலைமுறை வாய் மாறியதில் முதலெழுத்து உதிர்ந்து விளம்பியாகி நின்றிருக்கிறது. அடுத்தடுத்து வரும் இந்த இரு வருஷங்களைப் போலவே விரோதி, விரோதிகிருது என்ற இரண்டும் குழப்பும். அவற்றுக்கு இடையே 22 ஆண்டு இடைவெளி என்பதால் ஆபத்து அதிகம்.

1898 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. தை கடைசி. பொங்கல் கழிந்து நான்காவது வாரம்.

மாதப் பெயர் போர்த்துக்கீசியத்தில் 'ஃபெவரேய்ரோ' என்றும், மற்றவை இலத்தீனிலும் இருந்தன. மூன்று ஓலைகளும் வாசிக்கப்பட்டன, மணமகன் பவுலுஸ், வயது 23, இன்னாரின் மகன், மணமகள் மரியா, வயது 17, காலஞ்சென்ற இன்னாருக்கும் காலஞ்சென்ற இன்னாருக்கும் மகள், சாட்சிகள் இருவர், கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் கீறல், குருவின் ஒப்பம். பெரியவரைக் கூப்பிட்டு, பூட்டியாரின் தகப்பன் பெயர் இருந்த இடத்தைப் பென்சில் முனையால் காட்டினேன். அவர் அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். ஏட்டை அழுத்தக் கூடாது என்ற கவனத்தில், நடுத்தையல் பக்கம் மறைந்திருந்த ஒரு சிறுகுறிப்பைப் படிக்காமல் விட்டேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தையலோரம் ஏதோ எழுத்து இருப்பது தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய், ஏட்டைப் பாதி திறந்த நிலையில் பஞ்சுத் தலையணைமேல் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படித்தோம். இரத்த உறவுத் தடைக்கு விலக்கு அளிக்கப்பட்டது, இரண்டாம் படி என்பதன் சுருக்கெழுத்து அது.

இரண்டாம் படி

இந்தக் குறிப்புதான் வழக்கைத் திருப்பியது. எனவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத் திருச்சபைக் கணக்கில் பொது முன்னோரிலிருந்து ஒருபக்கமாகத்தான் தலைமுறை எண்ணுவார்கள். தாத்தா ஒருவராக இருந்தால் பேரனும் பேத்தியும் இரண்டாம் படி. 1917 சட்டத் தொகுப்பு வரும்வரை நான்காம் படிவரை தடை இருந்தது. விலக்கு வாங்கினால்தான் கல்யாணம். நம்மூர் முறைக் கல்யாணங்களால் மதுரைப் பக்கத்து ஏடுகளில் இந்த விலக்கு அடிக்கடி வரும். அக்காள் மகளை மணந்திருந்தால் 'முதல் படியைத் தொட்ட இரண்டாம் படி' என்று வேறுவிதமாக எழுதியிருப்பார்கள்.

ஆக, மணமகனும் மணமகளும் ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள். வேர் தெரியாத பெண் என்று நூறு வருஷம் சொல்லப்பட்டவர், அந்த வீட்டுக்கே முறைப்பெண்.

இதைக் குடும்பத்துக்கு உடனே சொல்லவில்லை. காரணம் இரண்டு. இந்த பவுலுஸும் மரியாவும் நம்மவர்தானா என்பதை நிலைநாட்ட வேண்டும். அடுத்து, விலக்குக் குறிப்பு உறவின் தூரத்தைச் சொல்லும், எந்த வழி உறவு என்று சொல்லாது. பங்காளி முறையில் பெண் எடுக்க மாட்டார்கள் என்பதால் மாமன் மகள் அல்லது அத்தை மகள் என்று ஊகிக்கலாம். ஊகத்தை வைத்து ஒரு குடும்பத்தின் கதையை மாற்றி எழுதக் கூடாது.

அடையாளம் எளிதில் உறுதியானது. கல்யாணச் சாட்சிகளில் ஒருவர்தான் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். ஊரும் மணமகனின் தகப்பன் பெயரும் அத்தை சொன்னதோடு ஒத்தன. அந்தப் பத்தாண்டில் அதே ஊரில் வேறு பவுலுஸ் கல்யாணம் இல்லை.

உறவு வழிக்கு ஒரு தலைமுறை மேலே போனோம். மணமகனின் பெற்றோர் கல்யாணம் 1872இல் அதே ஏட்டில் இருந்தது. அதில் மணமகனின் தாய், வைகைக்கு வடக்கே உள்ள ஓர் ஊரைச் சேர்ந்த ஒருவரின் மகள். மணமகளின் பெற்றோர் கல்யாணம் 1878இல். அதில் மணமகளின் தகப்பன், அதே ஊரைச் சேர்ந்த அதே பெயருடைய ஒருவரின் மகன். இரண்டு பதிவிலும் அந்தப் பெயரோடு ஒரே தொழில் அடைமொழி. ஆக, பூட்டியார் தம் கணவருக்குத் தாய்மாமன் மகள்.

1878 என்ற ஆண்டு இன்னொன்றையும் சொன்னது. தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கி 1878இல் ஓய்ந்தது. இவருடைய பெற்றோர் மணந்துகொண்டதே பஞ்சம் ஓய்ந்த ஆண்டில். பூட்டியாரின் ஞானஸ்நானம் 1880 அக்டோபரில். பஞ்சத்தில் அவர் அநாதையாகியிருக்க வழியில்லை.

பிறகு எப்போது? அடக்கப் பதிவேட்டில் அவர் தகப்பனார் 1891இல் இருந்தார். சாகும் தறுவாயில் குரு தரும் கடைசி தேவதிரவிய அனுமானங்களைப் பெறாமல் திடீரென இறந்தார் என்ற குறிப்போடு. தாயின் அடக்கம் 1892இல், பத்து மாதம் கழித்து. பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1895இல் மணமகனின் ஊரில் பிறந்த ஒரு குழந்தைக்கு இவர் ஞானத்தாயாக நின்றிருக்கிறார். அங்கே இவருடைய ஊராக மணமகனின் ஊரே எழுதப்பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே அவர் மணமகனின் தாயான தம் அத்தையின் வீட்டில்தான் இருந்தார் என்று இதைக்கொண்டு சொல்லலாம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றாகிவிட்ட கல்யாணத்தில் சீர்வரிசை யார் தெருவிலிருந்து யார் தெருவுக்குப் போகும்? சீர் வராத கதை உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு.

விளைவு

செப்டம்பரில் எல்லாப் பதிவுகளையும் தேதி வரிசையில் தமிழில் எழுதி, எது ஏட்டில் உள்ளது, எது என் ஊகம் என்று தனித்தனியாகக் குறித்து, பெரியவரிடம் கொடுத்தேன். அவர் மூன்று பிரதி கேட்டார். ஒன்று பங்காளி வீட்டுக்கு. அதைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அவர்கள் வாங்கிப் படித்ததாகவும் பிறகு சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தைக்கு மகள் படித்துக் காட்டினார். ஏவிளம்பி என்றதும் அவர், "ஆமா, ஏவிளம்பின்னுதான் அப்பத்தா சொல்லும். நான்தான் விளம்பின்னு சொல்லிப் பழகிட்டேன்" என்றார். மாமன் மகள் என்ற இடம் வந்தபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் அப்பத்தா தன் மாமியாள கடைசி வரைக்கும் 'அத்தே'ன்னு கூப்புட்ருக்கு. நான் எல்லா மருமகளும் கூப்புடுறதுதானன்னு இருந்துட்டேன்" என்றார்.

பங்குத்தந்தை அந்த இரண்டு ஏடுகளையும் அடித்தட்டிலிருந்து எடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி மேல்தட்டில் வைத்தார். மறைமாவட்ட அனுமதி பெற்று இரண்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கும் வேலை 2024இல் முடிந்தது. படங்கள் பங்கிலும் ஆயர் இல்லத்திலும் மட்டும் இருக்கின்றன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தேடலின் வரிசையைத் தலைகீழாக மாற்றுவேன். பூட்டன் கல்யாணத்தைத் தேடிப் போகாமல், கடைசிப் பிள்ளையின் கல்யாணத்திலிருந்து தொடங்குவேன். 1908க்குப் பிந்தைய ஒரு பதிவு எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடும். இந்த வழக்கில் அந்த வரி நான் முதல் நாள் உட்கார்ந்திருந்த மேசையிலேயே, திறக்காத ஏட்டில் இருந்தது.

மூத்தவர் சொல்லும் வருஷப் பெயரை எழுதும்போது, அதே ஓசையுள்ள இன்னொரு வருஷத்தையும் பக்கத்திலேயே எழுதி வைப்பேன். அவர்கள் சொல்லும் தூரத்தையும் நேரத்தையும் கதையின் அலங்காரமாக எண்ணாமல் வரைபடத்தில் குறிப்பேன். ஏட்டில் ஒரு பதிவைப் படித்து முடித்ததாக எண்ணுவதற்கு முன், தையலோரத்தையும் பின்பக்கத்தையும் பார்ப்பேன்.

குடும்பம் அமெரிக்கன் மதுரை மிஷன் வழி வந்ததாக இருந்தால் இந்த வழி முழுவதும் மாறும். 1834இல் தொடங்கிய அந்த மிஷனின் சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையில் உள்ளன. அங்கே வேறு புத்தகம், வேறு ஒழுங்கு. அதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இவர்கள் பரம்பரைக் கத்தோலிக்கர் என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை.

இப்போதைய நிலை

பூட்டியாரின் தாய் வழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1878 கல்யாணப் பதிவில் அவருடைய ஊர்ப் பெயர் இருந்த இடத்தை மை அரித்துவிட்டது, மூன்றெழுத்துதான் மிச்சம். அந்த மூன்றெழுத்தில் தொடங்கும் ஊர்கள் வைகைக் கரையில் பல இருக்கின்றன. பெரியவர் அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து, உடம்பு இடம்கொடுக்கும் நாட்களில் ஒவ்வொரு கோயிலாகப் போய்வருகிறார்.

2023 நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊர்க் கல்லறையில் பூசை நடந்தது. மரித்தோர் பெயர்ப் பட்டியலில் குடும்பத்தின் பெயர்களோடு பூட்டியாரின் தகப்பன், தாய் இருவரின் பெயரையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அத்தையை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அந்த இரண்டு பெயரையும் சாமியார் வாசித்தபோது, அவர் காதில் விழவில்லை என்று இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்.